தம்பிக்கு ஹோட்டல் மேனேஜ்மெண்ட்: எந்தப் பட்டம் செல்லும்?

அம்பை_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். என் தம்பி பிளஸ் டூ காமர்ஸ் முடித்துவிட்டு ஹோட்டல் மேனேஜ்மெண்ட்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "கரண்டி பிடிக்கவா காலேஜுக்கு அனுப்புவாங்க" என்று அப்பா ஒரு பக்கம், அவரைச் சமாளித்துவிடலாம். என் கவலை வேறு. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அட்மிஷன் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். சர்வதேச அங்கீகாரம், நூறு சதவீதம் வேலை, வாரத்தில் பாதி நாள் வகுப்பு, பாதி நாள் சம்பளத்தோடு வேலை என்று போட்டிருக்கிறது. டிகிரி எந்தப் பல்கலைக்கழகத்துடையது என்று கேட்டேன். "அதைக் கடைசி வருஷம் டை-அப் பண்ணித் தருவோம்" என்கிறார். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால்தான் சீட்டாம். தம்பிக்கு துபாய்க் கனவு வேறு இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தரமணி_பாளைக்காரன்:
முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நோட்டீஸில் அங்கீகாரம் என்று பெரிய எழுத்தில் இருக்கும், கொடுத்தது யார் என்று மட்டும் இருக்காது. பட்டம் தரும் உரிமை யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அங்கீகரித்த பல்கலைக்கழகத்துக்குத்தான் உண்டு. ஐஎஸ்ஓ சான்றிதழ், ஏதோ ஒரு வெளிநாட்டுச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை இதெல்லாம் ரிசப்ஷன் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், அவ்வளவுதான். நாக் கிரேடு என்பது கல்லூரி எவ்வளவு தரமாக நடக்கிறது என்பதற்கு, அதைப் பட்டத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தனியார் கல்லூரி என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, அந்த இணைப்பு இந்தக் கோர்ஸுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பி.காமுக்கு இணைப்பு வாங்கிவிட்டு பக்கத்து அறையில் இதை நடத்துகிறவர்களும் உண்டு. நம்ம பக்கம் மனோன்மணியம் சுந்தரனார் என்று சொன்னால் அபிஷேகப்பட்டி ஒன்றும் தூரம் இல்லை, நேரில் போயே கேட்டுவிடலாம். அப்புறம், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யூஜிசி தன் தளத்தில் போடுகிறது.

"கடைசி வருஷம் டை-அப்" என்றால் பெரும்பாலும் தொலைதூரக் கல்வியில் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். தொலைதூர முறையில் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் பட்டம் நடத்த யூஜிசி அனுமதிப்பதே இல்லை. அதனால் கைக்கு வருவது வேறு ஏதாவது பெயரில் ஒரு பட்டமாக இருக்கும்.

அரசு வழி ஒன்று இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1982-இல் தொடங்கிய, ஹோட்டல் மேனேஜ்மெண்டுக்கான தேசிய கவுன்சில் இருக்கிறது, நாடு முழுக்க ஐஹெச்எம் என்கிற ஹோட்டல் மேனேஜ்மெண்ட் கல்லூரிகள் அதன் பாடத்திட்டத்தில்தான் நடக்கின்றன. மூன்று வருஷ பி.எஸ்சி., பட்டம் தில்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்துடையது, முன்பு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. தமிழ்நாட்டில் சென்னை தரமணி, திருச்சி துவாக்குடி. ஆனால் உங்களுக்குச் சென்னையைவிடக் கேரளாவின் கோவளத்தில் இருக்கும் ஐஹெச்எம்தான் கிட்டம், நாகர்கோவில் வழியாக ரயிலில் திருவனந்தபுரம் போய் இறங்கினால் போதும். பிளஸ் டூவில் எந்த குரூப்பும் சரி, ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். என்சிஹெச்எம் ஜேஇஇ என்ற நுழைவுத்தேர்வு, கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கணக்கைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு இல்லை, நம்ம பிள்ளைகள் ஆங்கிலப் பகுதியில்தான் மாட்டுகிறார்கள். இப்போதிருந்தே தினமும் ஆங்கிலப் பேப்பர் வாசிக்கச் சொல்லுங்கள்.

குற்றாலம்_லாட்ஜ்:
பாளைக்காரத் தம்பி சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் டிகிரி டிகிரி என்று பிள்ளையைப் பயமுறுத்தவும் வேண்டாம். நான் ஆள் எடுக்கும்போது சர்டிபிகேட் கேட்டதே இல்லை.

அதே நேரம் படித்த பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது தாயி. சீசனில் நம்ம லாட்ஜுக்குப் பெரிய தலைவலி பெட்ஷீட். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிறவர்கள் அந்த உடம்போடயே வந்து படுத்துவிடுவார்கள், சாரலில் துணியும் காயாது. ட்ரெய்னிங்குக்கு வந்த ஒரு பையன், வந்த வாரமே நோட்டுப் போட்டு ரூமுக்கு எத்தனை செட் இருக்கிறது என்று எண்ணினான். கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று இருந்தால் மற்ற ஊருக்குப் போதும், சாரல் ஊருக்கு நாலாவது வேண்டும் அண்ணாச்சி என்றான். எண்ணெய்க் கறைத் துணியைத் தனியாகப் பிரித்து, காய்வதற்கு முன்னாடியே சோப்புத் தண்ணீரில் ஊறப்போடச் சொன்னான். இத்தனை வருஷமாக எல்லாத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியவர்கள் நாங்கள். ரூமுக்கு இத்தனை செட் என்று கணக்கு வைப்பதற்கு பார் ஸ்டாக் என்று பேராம், ஹவுஸ்கீப்பிங் பாடத்திலேயே வருதாம்.

சமையல்தான் ஆசை என்றால் மூணு வருஷம் எதற்கு? அதே கவுன்சிலில் ஒன்றரை வருஷ கிராஃப்ட்ஸ்மேன் கோர்ஸ் இருக்கிறதே.

மேலப்பாளையம்_டூ_துபாய்:
அண்ணாச்சி, லாட்ஜில் கேட்க மாட்டீர்கள், இங்கே கேட்பார்கள். வெயிட்டராகவோ ரூம் பாயாகவோ வர டிகிரி தேவையில்லை, அது உண்மை. சூப்பர்வைசர், அசிஸ்டெண்ட் மேனேஜர் என்று ஏறும்போதுதான் விசாவில் பதவியை மாற்ற அட்டெஸ்ட் செய்த சான்றிதழ் கேட்பார்கள். மாநில உயர்கல்வித் துறை, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் தூதரகம் என்று போகும். பல்கலைக்கழகமே சரியில்லை என்றால் முதல் மேஜையிலேயே திரும்பிவிடும். என் ரூம்மேட் ஒருத்தனுக்கு வேலை எல்லாம் அத்துப்படி, பேப்பர் மட்டும் நிற்கவில்லை. அவனிடம் வேலை கற்றுக்கொண்டவன் இன்று அவனுக்கு மேலே இருக்கிறான். அதனால் கிராஃப்ட்ஸ்மேன் கோர்ஸ் கிச்சனுக்குச் சரி, மேனேஜ்மெண்ட் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் டிகிரியை விடாதீர்கள்.

அம்பை_அக்கா:
ரொம்ப நன்றி. நேற்று ஏஜென்ட்டுக்கு போன் போட்டு, இணைப்புக் கடிதம் ஒரு காப்பி அனுப்புங்கள் என்றேன். அனுப்புகிறேன் என்றார், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. தம்பிக்குச் சமையலைவிட ரிசப்ஷன்தான் ஆசையாம், டை கட்டி நிற்கலாம் என்கிறான். அந்த வேலை எப்படி? செலவுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா?

தரமணி_பாளைக்காரன்:
டை கட்டலாம், உட்காரத்தான் முடியாது. முதல் வருஷம் யாராக இருந்தாலும் கிச்சன், சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ் நாலையும் தொட்டாக வேண்டும். வெங்காயமும் நறுக்குவான், பாத்ரூமும் கழுவுவான், அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் பல மாதம் ஏதாவது ஒரு ஹோட்டலில் இண்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங், விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் அங்கேதான் ஓடுவார்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வர முடியாது, ஊரே லீவில் இருக்கும்போதுதான் ஹோட்டல் நிரம்பும். அந்தக் கோபத்தை நான் வருஷா வருஷம் அம்மாவிடம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

செலவுக்கு: அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், வெளி மாநிலக் கல்லூரிக்கும் உண்டா என்று மட்டும் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் அவர்களுக்கான அரசு நிறுவனமான தாட்கோ, தரமணி ஐஹெச்எம்மில் படிக்கவே செலவை ஏற்றுக்கொள்கிறது, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விசாரியுங்கள். இல்லையென்றால் வங்கிக் கல்விக்கடன், அதற்கும் அங்கீகாரம் உள்ள நிறுவனம்தான் செல்லும்.

குற்றாலம்_லாட்ஜ்:
ஜூன் ஜூலையில் அவனை இங்கே அனுப்பிவையுங்கள். சனி ஞாயிறு ரெண்டு நாள் கவுண்டரில் நிற்கட்டும், ரூம் இல்லை என்று நூறு பேரிடம் முகம் கோணாமல் சொல்ல முடிகிறதா என்று பார்ப்போம். சாப்பாடு நம்ம வீட்டில்.