காலேஜ் அப்ளிகேஷனில் 'குற்ற வழக்கு உண்டா' என்ற கேள்வி: உங்கள் அனுபவம்?

குவீன்ஸிலிருந்து:
சனிக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்கு அப்ளிகேஷன் போட உதவுவேன். காமன் ஆப்பில் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் சேர்த்துப் போடும் ஒரே ஆன்லைன் விண்ணப்பம்) 2006-லிருந்து 'மிஸ்டிமீனர் (சிறு குற்றம்), ஃபெலனி (பெருங்குற்றம்) எதிலாவது தண்டனை உண்டா' என்று ஒரு கேள்வி இருந்தது, ஆம் என்றால் விளக்கமும் எழுத வேண்டும். அந்தக் கேள்வியை நீக்குவதற்கு முந்தின சீசனில் ஒரு பையன் கட்டுரை, சிபாரிசுக் கடிதம் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டான். 16 வயதில் சப்வேயில் ஏதோ கைகலப்பு, கைவிலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நியூயார்க்கில் 16 வயது என்றாலே பெரியவர்கள் கோர்ட்தான். "போலீஸ் கேஸ்னு தெரிஞ்சா எவனும் சீட் தரமாட்டான்னு அப்பா சொல்லிட்டாரு ஆன்ட்டி" என்றான்.

கேஸ் எப்படி முடிந்தது என்று கோர்ட் கிளார்க்கிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னேன். ஒற்றைத் தாள், அடியில் முத்திரை, நடுவில் 'டிஸ்ஆர்டர்லி காண்டக்ட்', அதாவது பொது இடத்தில் ஒழுங்கீனம். இங்கே அது வெறும் வயலேஷன் (விதிமீறல்), சட்டப்படி குற்றக் கணக்கிலேயே வராது. ஆக, 'இல்லை' என்பதுதான் நேர்மையான பதில். போட்டான், சேர்ந்தான், படித்தும் முடித்துவிட்டான். இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாத பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்?

ஆல்பனியிலிருந்து:
பாதியில் விட்டிருப்பார்கள், வேறென்ன. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் சூனியைப் பற்றி 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. ஃபெலனி உண்டு என்று டிக் செய்தவர்களில் 62.5 சதவீதம் பேர் விண்ணப்பத்தை முடிக்கவே இல்லை. யாரும் அவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களாகவே போய்விட்டார்கள். என்னோடு கிடங்கில் வேலை பார்த்த ஒருவர், ஜெயிலிலிருந்து வந்தவர், ஒரு கல்லூரி கேட்ட கடிதங்களுக்காக அலைந்தே அந்த வருடத்தைத் தொலைத்தார். 2018 சேர்க்கையிலிருந்து சூனி விண்ணப்பத்தில் இதைக் கேட்பதில்லை. ஆனால் இடம் கிடைத்த பிறகு ஹாஸ்டல், இன்டர்ன்ஷிப், வெளிநாட்டில் படிப்பு என்று போனால் கேட்பார்கள் (ஹாஸ்டல் இல்லையென்றால் வெளியூர்க்காரன் எங்கே தங்குவானாம்?).

நியூ ஜெர்சியிலிருந்து:
காமன் ஆப் இந்தக் கேள்வியை நீக்கிவிட்டது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2019-ல் பொதுப் பகுதியிலிருந்துதான் போனது, கல்லூரிகள் அவரவர் பக்கத்தில் கேட்கலாம். போன வருடம் மகளுக்குப் போடும்போது ஒரு தனியார் கல்லூரி கேட்டிருந்தது, சஸ்பெண்ட் ஆனதுண்டா என்பதையும் சேர்த்து. அவள் படபடவென்று க்ளிக் பண்ணிக்கொண்டே போனாள், நான்தான் நிறுத்திப் படிக்க வைத்தேன். கட்டுரையெல்லாம் அப்புறம், முதலில் ஒவ்வொரு கல்லூரியின் தனிக் கேள்விகளைத் திறந்து பார்த்துவிடுங்கள்.