தேய்சிறகு: பருவக் கடைசி நீலன்களுக்கு ஒரு சொல்

> சிறகு தேய்ந்த வண்ணத்துப்பூச்சியை ஆங்கிலத்தில் 'வோர்ன்' (worn) என்கிறோம். தமிழில் அதற்குக் 'கிழட்டுப் பூச்சி' போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. வயது வேறு, தேய்மானம் வேறு. முட்புதரில் உரசித் திரியும் நீலன் (சிறிய நீல வண்ணத்துப்பூச்சி), கூட்டை விட்டு வந்த சில நாட்களிலேயே சிறகுச் செதில் உதிர்ந்து போயிருக்கும். படத்தைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல முடியாது. செதில் இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்லலாம். கலைச்சொல்லும் அந்த அளவோடு நிற்பதுதான் நல்லது.

'மங்கிய' என்ற சொல் இன்னும் சிக்கல். வறண்ட பருவத்தில் பிறக்கும் நீலன்கள் பலவற்றுக்குப் புள்ளிகள் பிறக்கும்போதே வெளிறித்தான் இருக்கும். அதைப் 'பருவ உரு' என்று தனியாகச் சொல்லிவிடலாம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் குறிப்பு எழுதியே பயனில்லை.

என் பரிந்துரை: தேய்சிறகு. தேய்பிறை மாதிரி வினைத்தொகை. விளிம்புக் குஞ்சம் மட்டும் போன பூச்சியிலிருந்து, சவ்வு வெளியே தெரியும் பூச்சி வரை இந்த ஒரு சொல் தாங்கும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண் நீலனின் மேற்புற நீலம் சாயமல்ல, செதிலின் நுண்ணமைப்பில் ஒளி பட்டு வருவது. செதில் உதிர்ந்தால் நீலமும் போச்சு. பழுப்பாகத் தெரியும் ஆணைப் 'பெண்' என்று பதிந்துவிடுகிறோம். அடிப்புறம் பார்த்தாலும் ஏமாறலாம். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நீலன்களில், சிசீரியா கர்சந்த்ராவுக்கு முன்சிறகின் நடு அறையில் ஒரு புள்ளி உண்டு, சிசினா ஓட்டிஸுக்குக் கிடையாது. ஆனால் தேய்சிறகில் புள்ளி தெரியவில்லை என்றால், இல்லாமலிருந்ததா, உதிர்ந்துபோனதா? அங்கே பின்சிறகுக்குப் போக வேண்டும். ஓட்டிஸில் அதன் வளைந்த புள்ளி வரிசையில் மேலிருந்து இரண்டாவது புள்ளி உள்ளே தள்ளி நிற்கும். புள்ளி வெளுத்தாலும் நிற்கும் இடம் மாறாது.

படம் எடுப்பவர்களுக்கு: மூடிய சிறகுக்கு இணையாக லென்ஸை வையுங்கள், இல்லையென்றால் பாதிப் புள்ளிகள் குவியத்துக்கு வெளியே போய்விடும். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் எல்லாமே வெளுத்துவிடும். ஒளி பக்கவாட்டில் விழட்டும். செதில் போன இடம் கண்ணாடித் தாள் போல மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். சிறகை விரிக்கும்போது மேற்புறமும் ஒன்று எடுங்கள்.

---

> என் பரிந்துரை: தேய்சிறகு

சரி தம்பி, கிழட்டுப் பூச்சியை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: கிழிசலை இதில் சேர்க்கக் கூடாது. பின்சிறகின் ஓரம் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வெட்டியது மாதிரி போயிருந்தால் அது தேய்மானமில்லை. சிறகை மூடி உட்கார்ந்திருந்தபோது ஓணானோ பறவையோ கவ்வியது. பின்சிறகில் வாலுள்ள லாம்பிடிஸ் போயெட்டிகஸ் என்ற நீலனில் அடிக்கடி பார்க்கலாம். வாலும் கண்புள்ளியும் சேர்ந்து பொய்த்தலையாகத் தெரிய, கடி அங்கே விழுகிறது; பூச்சி தப்பித்துவிடுகிறது. செதிலெல்லாம் புத்தம்புதிதாக, வால் மட்டும் இல்லாத பூச்சியைத் தேய்சிறகு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதற்குக் 'கவ்வுவடு' என்று வைக்கலாமா? 'கடிவடு' என்றும் யோசித்தேன். பறவைக்குப் பல் ஏது என்று யாராவது வந்துவிடுவார்கள்.

அப்புறம், தேய்சிறகை அடையாகவும் எழுதலாம்தானே? 'தேய்சிறகு ஆண்' என்று பதிவில் போட்டுப் பார்த்தேன், உறுத்தவில்லை. 'தேய்சிறகுடைய' என்று நீட்ட வேண்டாம்.