மேலே தூக்கிய அவுட்போர்டு எஞ்சின் ராத்திரியில் தானாக இறங்குகிறது – டில்ட் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

துடுப்பு: என் படகின் பின்புறம் மாட்டியிருக்கும் எஞ்சின் 40 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், வயது இருபதைத் தாண்டிவிட்டது. பவர் டில்ட் உண்டு, அதாவது பட்டனை அழுத்தினால் மோட்டாரும் ஆயில் பம்பும் எஞ்சினைத் தூக்கும். சாயங்காலம் எஞ்சினை முழுக்க மேலே தூக்கிவிட்டுப் போனால், காலையில் பாதி இறங்கி ப்ரொப்பெல்லர் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. போன வாரத்திலிருந்து இன்னொரு தொல்லை. முக்கால்வாசி ஏறியதும் நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் கீச்சென்று சுற்றுகிறது. டில்ட் மோட்டார் போய்விட்டது, யூனிட்டோடு மாற்று என்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பழைய நங்கூரம்: சுற்றுகிற மோட்டாரை ஏன் மாற்ற வேண்டும்? ஏற்றவும் இறக்கவும் அது சுற்றுகிறது என்றால் ரிலே, ஒயர், பிரஷ் எல்லாம் வேலை செய்கின்றன. ராத்திரி முழுக்க எஞ்சினைத் தாங்கி நிற்பது மோட்டார் அல்ல, சிலிண்டருக்குள் அடைபட்ட ஆயில். அது எங்கேயோ நழுவுகிறது.

முதலில், எஞ்சினைப் படகோடு பிடித்திருக்கும் கிளாம்ப் பிராக்கெட்டின் பக்கவாட்டில் உள்ள ஓட்டை வழியாகப் பாருங்கள், உள்ளே ஒரு பெரிய ஸ்க்ரூ இருக்கும். பேட்டரி தீர்ந்தால் கையால் தூக்குவதற்கான மேனுவல் வால்வு அது. யாராவது தளர்த்திவிட்டு மறந்திருந்தால் இதே கோளாறுதான் வரும்.

துடுப்பு: பார்த்தேன் அண்ணா. இறுக்கமாகத்தான் இருக்கிறது.

கரைக்காற்று: ஆயில் அளவு பார்த்தீர்களா? முக்கால்வாசியில் நிற்பது ஆயில் குறைந்ததற்கான அடையாளம். எஞ்சினைத் தூக்கும் ராடு சிலிண்டரிலிருந்து வெளியே வர வர ஆயில் கூடுதலாக வேண்டும். டில்ட் ஆயில் டேங்க் காலியானால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். நான் கைவசம் இருந்த எஞ்சின் ஆயிலையே ஊற்றி ஓட்டியிருக்கிறேன்.

பழைய நங்கூரம்: எஞ்சின் ஆயில் வேண்டாம். பல மாடல்களில் ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில்) என்கிற சிவப்பு ஆயில்தான், உங்கள் மாடலின் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் முழுக்க மேலே இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். கீழே இருக்கும்போது டேங்க் மூடியைத் திறந்தால் ஆயில் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அதோடு, தூக்கிய எஞ்சினுக்கு முட்டுக்கொடுக்கும் டில்ட் லிவரை மட்டும் நம்பிக் கீழே கையை விடாதீர்கள். கயிறோ சங்கிலியோ கட்டி எஞ்சினைத் தனியாகத் தாங்க வையுங்கள். அதன் எடை கையை நசுக்கிவிடும்.

துடுப்பு: மேலே போகமாட்டேன் என்கிறதே, அதனால் மேனுவல் வால்வைத் தளர்த்தி, இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் கட்டினோம். மூடியைத் திறந்தால் ஆயில் பாதிதான் இருக்கிறது. அதுவும் சிவப்பாக இல்லை, பால் கலந்தது போல வெளுத்திருக்கிறது.

பழைய நங்கூரம்: அப்படியானால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ராடைத் துணியால் நன்றாகத் துடைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ராடு வெளியே வருகிற இடத்தில் ஆயில் வளையம் தெரிந்தால், ஆயிலை அடைக்கும் சீல் போய்விட்டது. நகத்தால் ராடைத் தடவிப் பாருங்கள். உப்பு அரித்துக் குழி விழுந்திருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை, அந்தக் குழி அதையும் கிழித்துவிடும்.

வளையம் இல்லை, ஆயிலும் குறையவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் உள்கசிவு. மேனுவல் வால்வின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), பம்பில் ஆயிலைத் திரும்பவிடாத செக் வால்வு, பிஸ்டன் ஓ-ரிங் என்று வரிசையாகப் பாருங்கள். சுலபமானதிலிருந்து தொடங்குங்கள்.

துடுப்பு: செய்துவிட்டேன். ராடு வழவழப்பாக இருக்கிறது, ஆனால் ஆயில் வளையம் தெரிந்தது. அதனால் சீலை மாற்றினேன். அப்புறம் எஞ்சினைக் கட்டிவைத்துக்கொண்டே மேனுவல் வால்வையும் கழற்றினேன். கிளிப்பை எடுக்கத்தான் அரை மணி நேரம், துரு! வால்வின் ஓ-ரிங் ஒரு பக்கம் அறுந்திருந்தது. அதையும் மாற்றி, பழைய ஆயிலை வடித்துப் புதிதாக நிரப்பினேன். முதல் தடவை ஏற்றும்போது மறுபடியும் அதே கீச்சு.

கரைக்காற்று: காற்று அடைத்திருக்கும். நாலைந்து முறை முழுக்க ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் மேலே போனதும் ஆயில் அளவு பார்த்து நிரப்புங்கள். மோட்டாரைச் சூடாக்காமல் இடைவெளி விட்டுச் செய்யுங்கள்.

துடுப்பு: ஐந்தாவது தடவையில் கீச்சு நின்றது. நாலு நாளாகப் பார்க்கிறேன், ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. கடைசியாக ஒன்று: டிரெய்லரில் ஏற்றிப் போகும்போது டில்ட் லிவரைப் போட்டால் போதுமா?

பழைய நங்கூரம்: போதாது தம்பி. பள்ளத்தில் குலுங்கினால் லிவர் நழுவி எஞ்சின் விழும். தரையில் இடிக்காது என்றால் இறக்கிவைத்தே கொண்டுபோங்கள். இடிக்கும் என்றால் மேலே தூக்கி, அதற்கென்று இருக்கும் தாங்கியை முட்டுக்கொடுங்கள்.