நிலாவெளியில் நிற்கும் கேரவனுக்கு ஸ்டெயின்லெஸ் திருகாணியா, சாதாரணத் திருகாணியா?

உப்புவெளியான்
வணக்கம். திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கும் பழைய இழுவைக் கேரவன் ஒன்றை, விருந்தினர் தங்குவதற்காகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த வண்டி. மூலைகளில் ஓடும் அலுமினியப் பட்டையின் வினைல் நாடாவை உரித்தபோது, உள்ளே வரிசையாக இருந்த திருகாணிகளின் தலைகள் கறள் பிடித்து, சதுரக் குழி இருந்த இடமே தெரியாமல் உதிர்ந்தன. அனைத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்ற நினைக்கிறேன். ஆனால் கராஜில் வேலை செய்பவர், அலுமினியத்தில் அதைப் போட்டால் தகடே அரித்துவிடும் என்கிறார். எதைச் செய்வது?

கொட்டியாரக் கரை
தயங்காமல் மாற்றுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் அந்தக் கரையில் உப்புப் படியாத இரும்பு ஏது? சாதாரணத் திருகாணியின் துத்தநாகப் பூச்சு பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரோன் தடிப்புத்தான். முறுக்கும்போதே தலைக்குழியிலும் புரியிலும் அது உரசிப் போய்விடும். பின்னர் பிடிக்கும் கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, இடுக்குகளை அடைக்கும் சீலண்டைப் பிளந்து மழைநீருக்கு வழி திறந்துவிடும். ஸ்டெயின்லெஸ்ஸிலும் வகைகள் உண்டு; கடைக்காரர் 304 வகையைத் தருவார். நீங்கள் 316 வகையைக் கேளுங்கள். அதில் சேர்ந்துள்ள 2 முதல் 3 வீத மொலிப்டினம்தான் உப்பின் குழியரிப்பைத் தாங்குகிறது.

லொறிப் பட்டறை
நண்பர் பாதியைத்தான் சொல்கிறார். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அது மின்கலமாகிவிடும். அதில் கரைவது அலுமினியமே. லொறிப் பெட்டிகளில் திருகாணி புதுமெருகோடு இருக்க, அதைச் சுற்றிய தகடு வெள்ளைத் தூளாகப் பொங்கிக் கிடப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். துத்தநாகமோ தகட்டுக்கு முன்னர் தான் அழிந்து தகட்டைக் காக்கும். கறள் பிடித்த திருகாணியை மாற்றுவது அரைநாள் வேலை, ஓட்டை விழுந்த தகட்டை மாற்றுவது அப்படியல்ல. அதோடு, ஸ்டெயின்லெஸ் மென்மையானது; வலுவாக முறுக்கினால் தலை கழன்று கையோடு வந்துவிடும்.

கொட்டியாரக் கரை
மின்கலம் உண்மைதான், ஆனால் நீங்கள் பரப்பளவைக் கணக்கில் எடுக்கவில்லை. அகன்ற அலுமினியத் தகட்டில் சிறிய ஸ்டெயின்லெஸ் தலை இருக்கும்போது அரிப்பு பரந்து மெதுவாகவே நடக்கும். ஸ்டெயின்லெஸ் தகட்டில் அலுமினிய ரிவெட் அடிப்பதுதான் பெருங்கேடு. துத்தநாகம் தகட்டைக் காப்பதும் அது இருக்கும் வரைக்குந்தான். தீர்ந்த பின் எஞ்சுவது வெறும் இரும்பு, அதுவும் உப்புநீரில் அலுமினியத்தை அரிக்கக்கூடியதே; போதாக்குறைக்குத் தானும் கறள் பிடிக்கும். நீங்கள் கண்ட வெள்ளைத் தூள், நீர் தேங்கி நின்ற இடத்தில் விளைந்தது. பட்டையின் அடியில் பியூட்டைல் நாடாவை (நீர் புகாத பசைநாடா) ஒட்டி, புரிகளைப் பொலியூரித்தேன் சீலண்டில் தோய்த்துப் பூட்டினால் அங்கே நீர் நிற்காது. நீரில்லாமல் மின்கலமும் இல்லை.

தலை கழல்வதற்குக் காரணம் துளையிடாமல் முறுக்குவது. அளவான துளையிட்டு, புரியில் சிறிது மெழுகு தடவி, மெதுவாக முறுக்க வேண்டும். மரத்தில் ஏறும் திருகாணி தோற்பது பெரும்பாலும் மரம் விட்டுக்கொடுப்பதால்தான், உலோகம் அறுவதால் அன்று. ஆகவே உலோகத்தின் பலம் அங்கே பெரிய விடயமே இல்லை.

அச்சாணி
பலம் விடயமாகும் இடங்களும் அதே வண்டியில் உள்ளன. இழுவைக் கொளுக்கி, அச்சு, வில்தகடு ஆகியவற்றின் போல்ட்டுகளைக் கறளுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றிவிடாதீர்கள். தலையில் 8.8 என்று பொறித்த உருக்குப் போல்ட் ஏறத்தாழ 640 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். வழக்கமான ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450இலேயே நீளத் தொடங்கும். பற்றாக்குறைக்கு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் உராய்ந்து ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

லொறிப் பட்டறை
கொளுக்கி விடயத்தில் அச்சாணியோடு உடன்படுகிறேன், மூலைப்பட்டை விடயத்தில் இன்னும் இல்லை. நாடா, சீலண்டு, துளை, மெழுகு என்று சொல்லப்பட்ட அனைத்தையும் ஒழுங்காகச் செய்யும் வேலைக்காரர் எத்தனை பேர்? ஓரிடத்தில் விட்டுவிட்டாலும் பட்டைக்கு அடியில் தகடு அரிப்பது வெளியே தெரியாது. சாதாரணத் திருகாணியோ பழுப்புக் கோடு காட்டி எச்சரித்துவிடும். இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் என்று விற்கப்படும் தானே துளைக்கும் திருகாணிகள் பல 410 வகை. முனை கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கடற்கரையில் அவையும் கறள் பிடிக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள், இறுக ஒட்டிக்கொள்ளும்.

கொட்டியாரக் கரை
காந்தம் 410ஐக் காட்டிக்கொடுக்கும், ஆனால் 304ஐயும் 316ஐயும் பிரித்துக் காட்டாது. பெட்டியில் 316 வகையைக் குறிக்கும் ஏ4 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படகுச் சாமான் விற்கும் கடையில் கேட்பது நல்லது. எச்சரிக்கைக் கோட்டைப் பொறுத்தவரை, அது தெரியும் நேரத்தில் உள்ளே மரம் ஏற்கெனவே நனைந்திருக்கும்.

உப்புவெளியான்
மரம் என்றதும் கேட்க வேண்டியுள்ளது. பின்பக்க மூலையில் திருப்புளியை அழுத்தினால் சட்டத்துக்குள் விரல் நுனியளவு இறங்குகிறது. அங்கே நீளமான திருகாணி போட்டால் போதுமா?

லொறிப் பட்டறை
போதாது. அங்கே எந்த உலோகமும் பிடிக்காது. பட்டையைக் கழற்றி, தகட்டை விலக்கி, மரம் கெட்டியாகத் தட்டுப்படும் இடம்வரை வெட்டியெடுத்துப் புதுச் சட்டம் பொருத்துங்கள். மழைக்காலத்துக்கு முன்னரே அதை முடித்துவிடுங்கள். புதுச் சட்டத்தில் எந்தத் திருகாணி என்பதை அதன் பிறகு சண்டை பிடிக்கலாம்.