புதுப்பிப்பு: வென்டிலேட்டரில் நெபுலைசர் கொடுத்தும் வீசிங் குறையாதது (தீர்ந்தது)

சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளி, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் நெபுலைசர் கொடுத்தும் வீசிங் (மூச்சில் விசில் சத்தம்) விடவில்லை என்று அம்பாசமுத்திரம் பக்கத்து ஐசியூவிலிருந்து கேட்டிருந்தேன். எச்எம்இ ஃபில்டரைப் (மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைப்பது) பார்க்கச் சொன்ன பாளையங்கோட்டை அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி, அதுதான் காரணம். ஒய்-பீஸுக்கும் (வென்டிலேட்டரின் இரண்டு குழாய்களும் சேரும் இடம்) டியூபுக்கும் நடுவில் இருந்து மருந்தை அதுவே பிடித்துக்கொண்டது.

அதைக் கழற்றி, மூச்சு உள்ளே போகும் குழாயில் ஒய்-பீஸுக்கு 15 செ.மீ. முன்னால் ஸ்பேசர் (இன்ஹேலர் மருந்தை அடிக்கும் சிறு அறை) மாட்டினோம். சால்பூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சு உள்ளே போகத் தொடங்கும்போது ஒரு அழுத்து. 15 விநாடியாவது விட்டு அடுத்தது. மொத்தம் 6 அழுத்து. பீக் பிரஷர் (காற்று உள்ளே போகும்போதுள்ள உச்ச அழுத்தம்) 42-இலிருந்து 31-க்கு இறங்கியது. பிளாட்டோ (காற்றோட்டத்தை நிறுத்திப் பார்க்கும் நுரையீரல் அழுத்தம்) 20-லேயே நின்றது, ஆக விரிந்தது மூச்சுக்குழாய்தான். முடிந்ததும் ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் சளி காய்ந்து டியூப் அடைக்கும்.

எதிர்பாராதது: முன்பு ஜெட் நெபுலைசர் (காற்றடித்து மருந்தை நுண்துளியாக்குவது) ஓடியபோது டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் காற்றளவு) கூடுதலாகக் காட்டியது, அதன் காற்றும் சேர்ந்ததால். எக்ஸ்பிரேட்டரி ஃபில்டரிலும் (மூச்சு வெளியே வரும் பக்கத்து ஃபில்டர்) மருந்து படிந்திருந்தது, மாற்றிவிட்டோம்.