அனுபவப் பகிர்வு: பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள்

பாளை மார்க்கெட்காரன்
சார்லஸ் தெ ஃபூக்கோ என்ற பிரெஞ்சுச் சாமியார் வழியில் நடக்கிற பொதுநிலையினரை இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். சாமியாரும் இல்லை, கன்னியரும் இல்லை. குடும்பம், வேலை என்று இருக்கிற ஆட்கள்தான். கோவிலில் நற்கருணை (இயேசுவின் உடலாக வணங்குகிற அப்பம்) முன்னால் சத்தமில்லாமல் உட்காருவது, அப்புறம் இல்லாதப்பட்டவர்களோடு போய் இருப்பது.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம். பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தா, பார்க்க ஆள் கிடையாது. சாயங்காலம் ஒரு டீச்சர் வந்தார்கள், வாளியில் வெந்நீரும் நகவெட்டியுமாக. தாத்தாவின் கால் நகம் மாட்டுக் குளம்பு மாதிரி தடித்துக் கிடந்தது, நகவெட்டி பிடிக்கவில்லை. ஈரத்துணியைச் சுற்றி, ஊறுகிற வரைக்கும் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செபம் இல்லை, புத்திமதி இல்லை, மாதா படம்கூடக் கொடுக்கவில்லை. தாத்தா திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் பொறுக்க மாட்டாமல், “டீச்சர், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லலாமே” என்றேன். “நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நான் கேக்கேன்” என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

திசையன்விளை அண்ணாச்சி
இதில் என்ன புதுசு? ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையில் பல வருஷமாக இருக்கிறேன். 1833-ல் பாரிசில் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு ஆரம்பித்தது. வாராவாரம் கூட்டம், இரண்டு இரண்டு பேராக வீடு சந்திப்பு, இரகசியக் காணிக்கைப் பை. நாங்கள் போனால் அரிசியோ மருந்தோ கையில் இருக்கும். காலை மடியில் வைத்தால் பசி போகுமா?

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி திருநெல்வேலி சிந்துபூந்துறைக்குள் ஏறியதே, அப்போது நிவாரணம் கொண்டுபோனோம். ஒரு ஆச்சி வீட்டில் முழங்கால் மட்டும் சகதி. நீங்கள் சொல்கிற குழுவில் மூன்று பேர் வாரிக்கொண்டிருந்தார்கள், ஊமை மாதிரி. ஆச்சி எங்களிடம் அரிசியை வாங்கிக்கொண்டாள். அடுப்பு மூட்டி முதல் காப்பியை அவர்களுக்குத்தான் கொடுத்தாள். எங்களிடம் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, விடுங்கள்.

முக்கூடல் பொண்ணு
அண்ணாச்சிக்குக் காப்பிதான் பிரச்சினை போல.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பீடி சுற்றுகிற வேலை. நாங்கள் இந்துக்கள். அந்தக் குழுவில் ஒரு அக்கா வாரம் ஒருநாள் வந்து அம்மா பக்கத்தில் உட்காரும். சும்மா இருக்க மாட்டாமல் ஒருநாள் தட்டை வாங்கித் தானும் சுற்றியது. இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி நூல் கட்டணும். பார்க்க லேசாகத் தெரியும். அக்கா சுற்றியதெல்லாம் வயிறு ஊதி, வாய் பிளந்து நின்றது. கடையில் அவ்வளவையும் கழித்துவிட்டார்கள். இலைக்கும் தூளுக்கும் கணக்கு உண்டே! அம்மா வைத வசவு தெரு முழுக்கக் கேட்டது. அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டது. சிரிக்கவும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை.

வடக்கன்குளத்தான்
நான் ஒரே ஒரு தடவை அவர்களோடு ஆராதனைக்கு உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன். முழித்துப் பார்த்தால் எல்லாரும் அப்படியே இருந்தார்கள், யாரும் என்னை எழுப்பவில்லை.

உட்கார நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சாப்பிட்ட உடனே போகாதீர்கள். பக்கவாட்டுத் தூணில் சாயாதீர்கள், அங்கேதான் தூக்கம் வரும். கவனம் சிதறினால் ஒரே ஒரு சொல், ‘இயேசுவே’ என்றால் போதும். முதலில் கால் மணி நேரம், ஒரு மணி நேரமெல்லாம் அப்புறம். ஃபூக்கோவே நாசரேத்தில் கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டுதான் மணிக்கணக்காகச் செபித்தார். பிறகு அல்ஜீரியப் பாலைவனத்தில் துவாரெக் மக்களோடு தங்கி அவர்கள் பாஷைக்கு அகராதி எழுதினார். 1916-ல் சுட்டுக் கொல்லப்பட்டபோது, வழியைப் பின்பற்றக் கூடவே ஒரு சீடர்கூட இல்லை. எங்கள் ஊரில் 1745-ல் ஞானஸ்நானம் வாங்கிய தேவசகாயத்துக்கும் அவருக்கும் புனிதர் பட்டம் ஒரே நாளில், 2022 மே 15. அதைச் சொல்லிக் கொண்டாடுகிற எங்கள் ஊர்தான், சாதிக்கு ஒரு பக்கம் என்று கோவிலுக்கு நடுவே சுவர் வைத்திருந்த ஊரும். அது தனிக் கதை. ஆங், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

பாளை மார்க்கெட்காரன்
எப்படிச் செபிக்கணும் என்று நான் கேட்கவே இல்லையே அண்ணாச்சி.

முக்கூடல் தங்கச்சி, அந்தக் கழிவுப் பீடிக்குக் காசு யார் கொடுத்தது?

முக்கூடல் பொண்ணு
அக்கா நீட்டியது. அம்மா வாங்கவில்லை. அடுத்த வாரம் வந்தபோது சுற்ற விடாமல் கத்தரியை மட்டும் கையில் கொடுத்து, “இலையை வெட்டு, போதும்” என்றாள். அதை ஒழுங்காகத்தான் வெட்டியது.