சிங்கப்பூர் பெர்மிட்: பிழைப்பா, பிடியா?

பள்ளத்தூரான்:
சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில், அதாவது ஒரு முதலாளியிடம் வேலை செய்யத் தரும் அனுமதியில், போவது கொத்தடிமை வேலை என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஒத்துக்கொள்ள மாட்டேன். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, சரி. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் நடத்த, முதலாளி அனுப்பிப் போன நகரத்தார் ஏஜெண்டுகள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தானே ஊர் திரும்பினார்கள்? அவர்களையும் அடிமை என்பீர்களா?

கல்லல் செல்வி:
நல்ல ஒப்பீடுண்ணே! அந்த நகரத்தார் ஏஜெண்டுக்கு முதலாளி சம்பளத்தில் முன்பணம் கொடுத்து அனுப்பினார். இப்போது போகிற பையன் முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். எங்கள் தெருவில் ஒருவர், டெஸ்ட் அடிக்கவும் (வேலைத்திறன் தேர்வு எழுதவும்) ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்குக் கொடுக்கவும் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார். அங்கே ஓவர்டைம் காசு வரவில்லை. கேட்டதற்கு, "பெர்மிட்டை கேன்சல் பண்ணவா?" என்றார்களாம். வட்டி ஓடும்போது எவன் வாயைத் திறப்பான்?

பள்ளத்தூரான்:
அது ஏமாற்றுகிற ஆட்களின் தப்பு, சட்டத்தின் தப்பு இல்லை. அங்குள்ள ஏஜென்சி ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். கிளம்பும் முன்பே வரும் ஐபிஏ கடிதத்தில் (பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம்) அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் இருக்கும். தொழிலாளி எழுதிச் சம்மதிக்காமல் அதைக் குறைக்க முடியாது. தொழிலாளி விதிப்படி நடந்து ஊர் திரும்புவதற்கு அரசுக்குக் கொடுக்கும் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணையும் முதலாளி தலையில்தான்.

கல்லல் செல்வி:
ஆள் ஓடிப்போனால் அந்தப் பிணை போய்விடுமோ என்ற பயத்தில்தான் முதலாளிகள் சிலர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், சட்டப்படி கூடாது என்றாலும். கட்டுமான வேலையில் முதலாளி சம்மதமில்லாமல் கம்பெனி மாற, பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கும்போதுதான் வழி. மற்ற நாளெல்லாம் அவர் தயவு. அப்புறம், நம்ம ஊர் புரோக்கருக்குக் கொடுத்தது எந்த ரசீதில் வருகிறது?

தேவகோட்டை துபாய்க்காரன்:
தங்கச்சி கேட்பது நியாயம். பத்தாவது தேறாதவன் மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போனால் நம் அரசிடம் குடியகல்வு அனுமதி (வெளிநாட்டு வேலைக்குப் போக முன்கூட்டி வாங்கும் அனுமதி) வாங்க வேண்டும். அந்த நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை, அந்த ஒரு தடுப்பும் இல்லை. ஆனால் நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். மலேசியாவுக்கு விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறேன் என்பவனிடம் உட்காரவே கூடாது.

பள்ளத்தூரான்:
எழுந்து வந்து? காரைக்குடி ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கிற காசு பைக் தவணைக்கே பத்தாதே அண்ணே.

கல்லல் செல்வி:
போகாதே என்று நான் எங்கே சொன்னேன்? கம்பெனி மாறும் உரிமை எப்போதும் இருக்கட்டும் என்கிறேன். அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.